தனியா ஒரு படகு, தினமும் ஒரு ரிப்பேர்

எங்கேயும் நிற்காமல், யார் உதவியும் வாங்காமல், தனி ஆளாகப் பாய்மரப் படகில் உலகத்தைச் சுற்றி வந்த முதல் மனிதர் யார்?

ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். 1968 ஜூன் 14-ல் இங்கிலாந்தின் ஃபால்மவுத்தில் கிளம்பி, 1969 ஏப்ரல் 22-ல் அதே ஃபால்மவுத்துக்குத் திரும்பினார். இது குவிஸ் கேள்வி, பலருக்குப் பதில் தெரியும்.

ஆனா எனக்கு வேற கேள்வி. அந்த 312 நாளும் அந்த மனுஷன் படகுக்குள்ள என்னதான் பண்ணிட்டிருந்தார்?

"புயலோட போராடினார்"னு சொல்வீங்க. போராடினார்தான். ஆனா புயல் சில நாள். மிச்ச நாளெல்லாம் தண்ணி இறைச்சார், பாய் தைச்சார், ஸ்டவ் பத்த வச்சார், கயிறு முடிஞ்சார், பேட்டரி பார்த்தார், நேத்து ஒட்டினது இன்னைக்குப் பிச்சுக்கிட்டா மறுபடி ஒட்டினார். அந்த வீட்டு வேலைகளின் வரலாறுதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

(டிஸ்கிளைமர்: எனக்கு ஏற்காடு ஏரியில படகுல போனாலே தலை சுத்தும். எல்லாமே புத்தகத்தில் படிச்சதுதான்.)

முதல்ல ஒரு தாத்தாவைப் பார்த்துடுவோம். ஜோஷுவா ஸ்லோகம். தனியா உலகத்தைப் பாய்மரப் படகில் சுற்றிய முதல் ஆள். 1895-ல் பாஸ்டனில் கிளம்பி 1898-ல் திரும்பினார். இவர் வழியில் துறைமுகங்களில் நின்று நின்று போனவர்.

இவர் படகு 'ஸ்ப்ரே' ஒரு வயல்ல கைவிடப்பட்டுக் கிடந்த பழைய கட்டை. 13 மாசம் உட்கார்ந்து தானே பலகை பலகையா மாத்தினார். பொருள் செலவு 553 டாலர் 62 சென்ட். சென்ட் வரைக்கும் கணக்கு எழுதி வச்சிருக்கார் பாருங்க!

கடலில் கிழக்கு மேற்கா எங்கே இருக்கோம்னு தெரிய நல்ல கடிகாரம் வேணும். அவரிடம் இருந்தது ஒரு டாலருக்கு வாங்கின, முகம் உடைஞ்ச தகரக் கடிகாரம். விலை ஒன்றரை டாலராம், முகம் உடைஞ்சதால அரை டாலர் தள்ளுபடி. பின்னாடி அதுவும் மக்கர் பண்ணப்போ தண்ணியில் போட்டுக் கொதிக்க வச்சு ஓட வச்சார். நாம ரிமோட்டைத் தட்டித் தட்டி வேலை செய்ய வைப்போம்ல, அந்தப் பரம்பரை.

சரி, 1968-க்கு வருவோம்.

லண்டனின் சண்டே டைம்ஸ் பத்திரிகை 'கோல்டன் குளோப்' என்று ஒரு போட்டியை அறிவித்தது. ஜூன் 1-லிருந்து அக்டோபர் 31-க்குள் எப்போ வேணும்னாலும் கிளம்பலாம். எங்கேயும் நிற்கக் கூடாது. வெளியாள் யாரும் ஒரு ஆணி கூடக் கொடுக்கக் கூடாது. முதலில் வருபவருக்குக் கோப்பை, குறைந்த நாளில் முடிப்பவருக்கு 5,000 பவுண்ட்.

கிளம்பினவங்க 9 பேர். முடிச்சது ஒரே ஒருத்தர்.

அந்த ஒருத்தரின் படகு எங்கே செய்தது தெரியுமா? பம்பாயில்!

நாக்ஸ்-ஜான்ஸ்டன் பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியில் அதிகாரி. பம்பாயில் தங்கியிருந்தப்போ, இந்தியத் தேக்கில் 32 அடிப் படகு ஒன்றைக் கட்டச் சொன்னார். மின்சாரக் கருவி எதுவும் கிடையாது. வாய்ச்சியால் செதுக்கி, வில்லால் சுழற்றுற துரப்பணத்தில் துளை போட்டு, நம்ம ஊர் தச்சர்கள் கையாலேயே கட்டினது. 1964 டிசம்பரில் தேங்காய் உடைச்சுத் தண்ணியில் இறக்கினாங்க. பெயர் 'சுஹைலி'. அரபு மாலுமிகள் ஒரு காற்றுக்கு வச்ச பெயர்.

அந்தப் படகிலேயே தம்பியோடும் ஒரு நண்பரோடும் இங்கிலாந்து வரைக்கும் ஓட்டிட்டுப் போனார். இதை ஞாபகம் வச்சுக்கோங்க. போட்டிக்குக் கிளம்பறதுக்கு முன்னாடியே அந்தப் படகில் வாழ்ந்தவர். எந்தப் பலகை முனகும், எந்த இடம் ஒழுகும்னு அவருக்கு அத்துப்படி.

ஒழுகத்தான் செய்தது.

கிளம்பிச் சில வாரத்தில், அட்லாண்டிக் நடுவில், படகின் அடியில் தண்ணி சேர ஆரம்பிச்சது. தினமும் பம்ப் அடிச்சும் நிற்கல. கண்ணாடி மாட்டிக்கிட்டுக் கடலில் குதிச்சுப் பார்த்தார். அடிக்கட்டையை ஒட்டி, ரெண்டு பக்கமும் பலகை இடுக்கு திறந்து மூடிட்டிருந்தது. படகு அலையில் ஆட ஆட, இடுக்கு வாய் திறக்குது, மூடுது.

மரப்படகின் பலகை இடுக்கில் பஞ்சுத் திரியைத் திணித்து அடைப்பாங்க. இதற்குக் கலப்பத்து அடிக்கிறதுன்னு பேர். கரையில் படகைத் தூக்கி வச்சுப் பண்ண வேண்டிய வேலை. இவர் தண்ணிக்கு அடியில், சுமார் 5 அடி ஆழத்தில், மூச்சை அடக்கிக்கிட்டுப் பண்ணணும். ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாம் இல்லை.

பஞ்சைத் திணிப்பார். சுத்தியலை எடுப்பதற்குள் மூச்சு முட்டும். மேலே வந்து மறுபடி முங்கினா, பஞ்சு வெளியே வந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் இது வேலைக்கு ஆகாதுன்னு புரிஞ்சுபோச்சு.

மேலே ஏறி உட்கார்ந்து யோசிச்சார். எனக்குப் பிடிச்ச இடம் இதுதான். கித்தான் துணியில் ஒன்றரை அங்குல அகலத்துக்கு ஒரு நீளப் பட்டை வெட்டினார். அதன் மேல் பஞ்சுத் திரியை வச்சுத் தைச்சார். தாரைப் பூசினார். செப்பு ஆணிகளை முன்கூட்டியே அந்தப் பட்டையில் குத்தி வச்சுக்கிட்டார். இப்போ தண்ணிக்குள்ள போய்ச் சுத்தியலால் அடிச்சா மட்டும் போதும்.

ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்த்தவங்களுக்கு இது உடனே புரியும். உள்ளே போனபிறகு நேரம் இருக்காது. அதனால ஊசியில் நூலைக் கோர்த்து, எது எப்போ கைக்கு வரணும்னு அடுக்கி வச்சுட்டுத்தான் கத்தியைத் தொடுவோம்.

அந்தப் பட்டை அலையில் பிய்ந்து போகாமல் இருக்க, மேலே செப்புத் தகடும் அடிச்சார். அந்தத் தகடு எங்கிருந்து வந்தது? ரேடியோ மாட்ட வந்தவங்க விட்டுட்டுப் போன மிச்சம். வீட்டில் 'எதுக்காவது ஆகும்'னு பழைய டப்பாவை எடுத்து வைக்கிற அம்மாக்கள் எல்லாரும் இங்கே ஒரு நிமிஷம் பெருமைப்பட்டுக்கலாம்.

நடுவில் ஒரு சுறாவும் வந்தது. வெள்ளை உடம்பு தண்ணிக்குள்ள பளிச்னு தெரியக் கூடாதுன்னு கருநிற உடையில்தான் இறங்கியிருந்தார். ஆனாலும் சுறா சுத்திச் சுத்தி வந்தது, போகல. மேலே ஏறி, காத்திருந்து, துப்பாக்கியால் சுட்டுட்டு, மறுபடி இறங்கி வேலையை முடிச்சார்.

இது ஒரு ஓட்டை. இப்படி 312 நாள்.

பேட்டரி சார்ஜ் பண்ற சின்ன இன்ஜினின் மேக்னெட்டோ கெட்டுப்போச்சு. அதைச் சரி பண்ண ரெண்டு உலோக முனைக்கு நடுவே முடி அளவு இடைவெளியைச் சரியா வைக்கணும். மெக்கானிக் கடையில் இதை அளக்க ஃபீலர் கேஜ் இருக்கும். இவரிடம் இல்லை. கையில் இருந்த புத்தகத்தின் தாள்களை எண்ணினார். ஒரு அங்குலத்துக்கு 200 தாள். அப்போ ஒரு தாளின் கனம் ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் 5 பங்கு. தேவையான கனத்துக்கு அத்தனை தாளைச் சேர்த்து நடுவில் வச்சு டைட் பண்ணினார். இன்ஜின் ஓடிச்சு.

பாய் கிழிஞ்சா கோணி ஊசி மாதிரியான பெரிய ஊசியால் தைக்கணும். ஒருமுறை தையல் முடிச்சு போட்டு நிமிரப் பார்த்தால் நிமிர முடியல. தன் மீசையையும் சேர்த்துப் பாயோடு முடிச்சு போட்டிருக்கார்! கத்தி எட்டல. கண்ணை மூடிக்கிட்டுத் தலையை ஒரே வெட்டு. மீசையில் கொஞ்சம் பாயிலேயே தங்கிடுச்சு.

தெற்குப் பெருங்கடலில் ஒரு அலை படகை அப்படியே பக்கவாட்டில் சாய்த்துப் போட்டது. கேபினின் இணைப்புகள் தளர்ந்தன. குடிநீர்த் தொட்டித் தண்ணி கெட்டுப்போச்சு. அதுக்கப்புறம் பாயில் வழியும் மழைத் தண்ணியைப் பிடிச்சுக் குடிச்சார். ரேடியோவில் பேச முடியாமல் போச்சு. ஆள் தூங்கும்போது தானாகச் சுக்கான் பிடிக்கிற கருவி உடைய, ஒட்ட, உடைய, ஒட்ட, கடைசியில் ஆஸ்திரேலியாப் பக்கம் ஒரேயடியாகப் போய்ச் சேர்ந்தது. மிச்சப் பாதி உலகத்தைப் பாய்களைச் சமன் பண்ணிச் சுக்கானைக் கட்டி வச்சே ஓட்டினார்.

1968 நவம்பரில் நியூசிலாந்தில் பார்த்ததோடு சரி. அடுத்த நாலரை மாசம் அவர் உயிரோடு இருக்காரான்னே யாருக்கும் தெரியாது.

உடம்பும் ஒரு படகுதானே, அதுவும் ரிப்பேருக்கு வந்தது. பேட்டரி பார்க்கும்போது ஆசிட் கண்ணில் தெறிச்சது. கண் போயிடுமோன்னு பயந்தார், போகல. (கண்ணில் ஆசிட் பட்டால் உடனே நிறைய சுத்தமான தண்ணியால் கழுவிக்கிட்டே இருங்க. கழுவிக்கிட்டே ஆஸ்பத்திரிக்கு வாங்க. தாய்ப்பால், விளக்கெண்ணெய் எல்லாம் விடாதீங்க, ப்ளீஸ்.)

திரும்பும் வழியில் கடுமையான வயித்துவலி. அப்பெண்டிசைட்டிஸோ என்று பயந்துபோய், கப்பல் கேப்டன்களுக்கான மருத்துவக் கையேட்டைப் புரட்டினார். பக்கத்துத் துறைமுகமே ஆயிரம் மைல் தள்ளி. நாள்கணக்கில் டின் மாட்டிறைச்சி தின்ற அஜீரணம்தான் அதுன்னு சாப்பாட்டை மாத்தினப்புறம்தான் தெரிஞ்சது. மருத்துவப் புத்தகத்தைப் படிச்சா எல்லா வியாதியும் நமக்கு இருக்கிற மாதிரியே இருக்கும். எம்பிபிஎஸ் செகண்ட் இயரில் எங்க ஹாஸ்டலே அப்படித்தான் இருந்தது.

இப்போ இன்னொரு படகுக்குப் போவோம். இதை எழுதத்தான் ரெண்டு நாளா தயங்கினேன்.

டொனால்ட் க்ரோஹர்ஸ்ட். எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர், 4 குழந்தைகளின் அப்பா. தொழில் நொடிச்ச நிலையில் இருந்தார். படகுக்குப் பணம் போட்டவரோடு ஒப்பந்தம்: பயணத்தை ஒழுங்கா முடிக்கலைன்னா, படகை இவரே பணம் கொடுத்து வாங்கிக்கணும். அதாவது தோத்தா குடும்பம் திவால்.

மூன்று உடல் கொண்ட 'டெய்ன்மவுத் எலக்ட்ரான்' என்ற படகை அவசர அவசரமாகக் கட்டினாங்க. கடைசி நாளான அக்டோபர் 31 அன்றுதான் கிளம்பினார். படகுக்குள் எங்கேயும் இணைக்கப்படாத ஒயர்கள் தொங்கிட்டிருந்தன. படகுக்குள் சேரும் தண்ணியை இறைக்கத் தேவையான ஹோஸ் குழாய் கரையிலேயே கிடந்தது. ஏத்த மறந்துட்டாங்க.

முதல் சில நாளிலேயே தானியங்கிச் சுக்கானின் ஸ்க்ரூக்கள் கழன்று கடலில் விழுந்தன. வேற இடத்து ஸ்க்ரூவைக் கழட்டி அங்கே போட்டார். எத்தனை நாள் அப்படிப் பண்ண முடியும்? தரையில் இருந்த மூடி வழியா ஒழுகி ஜெனரேட்டர் நனைஞ்சது. பக்கத்து மிதவைகளில் தண்ணி. ஹோஸ் இல்லாததால் வாளியால் இறைச்சார். நல்ல கடலில் அது முடியும். தெற்குப் பெருங்கடலில் மூடியைத் திறந்தால் அலை நேரா உள்ளே வரும்.

நவம்பர் 15 அன்று உட்கார்ந்து படகில் என்னென்ன கோளாறு என்று நேர்மையாக ஒரு பட்டியல் எழுதினார். அந்தப் படகோடு தெற்குக் கடலில் பிழைக்கும் வாய்ப்பு ஐம்பதுக்கு ஐம்பதுக்கு மேல் இல்லைன்னு கணக்கும் போட்டார். அருமையான டயக்னோசிஸ். ட்ரீட்மென்ட்டும் தெரியும்: திரும்பிடணும். ஆனா திரும்பினா திவால்.

போகவும் முடியாது, திரும்பவும் முடியாது. டிசம்பரிலிருந்து அட்லாண்டிக்கிலேயே சுத்திக்கிட்டு, ரேடியோவில் பொய்யான இடங்களைச் சொல்ல ஆரம்பிச்சார். மிதவை ரொம்ப மோசமானப்போ, 1969 மார்ச்சில் அர்ஜென்டினாவின் ஒரு சின்ன ஊரில் ரகசியமாகக் கரையேறி, பிளைவுட்டும் ஸ்க்ரூவும் வாங்கி ஒட்டினார். போட்டி விதிப்படி அதுவே தகுதியிழப்பு.

அவர் திட்டம் சிம்பிள். கடைசி ஆளாக ஊர் திரும்பினால், தோத்தவன் லாக் புத்தகத்தை யாரும் பூதக்கண்ணாடி வச்சுப் பார்க்க மாட்டாங்க.

இங்கேதான் நைஜல் டெட்லி வர்றார். கடற்படை அதிகாரி. இவரும் மனைவியும் வீடாகவே குடியிருந்த 'விக்ட்ரெஸ்' என்ற படகில்தான் போட்டிக்கு வந்தார். ஆமா, குடியிருந்த வீட்டையே ஓட்டிட்டு வந்தவர். உலகத்தைச் சுத்தி, கிளம்பின தடத்தைத் தாண்டி, கிட்டத்தட்ட வீடு வந்துட்டார். படகு கந்தல். மெதுவா ஓட்டியிருந்தா வந்து சேர்ந்திருக்கலாம். பின்னாடி க்ரோஹர்ஸ்ட் வேகமா வர்றதா செய்தி. பொய்ச் செய்தி. அதை நம்பி வேகத்தைக் கூட்டினார். 1969 மே 21, ஆயிரத்துச் சொச்சம் மைல் மிச்சம் இருக்கும்போது படகு உடைஞ்சு மூழ்கியது. அவரை மீட்டுட்டாங்க. வீடு போச்சு.

இப்போ குறைந்த நாளில் முடிக்கப்போகும் ஆள் க்ரோஹர்ஸ்ட். பரிசு, கேமரா, லாக் புத்தகப் பரிசோதனை எல்லாம் கரையில் காத்திருக்கு.

ஜூனில் அவர் ரேடியோ டிரான்ஸ்மிட்டர் பழுதாச்சு. வெப்பமண்டல வெயிலில், வேகும் கேபினுக்குள், பாகம் பாகமாகக் கழட்டி, நாள்கணக்கில் வேலை பார்த்து, மோர்ஸ் அனுப்புற அளவுக்கு அதைச் சரி பண்ணினார். அவர் தொழிலே அதுதான், கெட்டிக்காரர். மறுபடி உயிர் வந்த ரேடியோவில் ஊரின் தடபுடல் வரவேற்பு ஏற்பாடுகள் பத்தின செய்திகள் வந்தன. வேற எதற்கு அவர் பயந்தார்?

லாக் புத்தகத்தின் கடைசிப் பதிவு ஜூலை 1. ஜூலை 10 அன்று ஒரு கப்பல் அந்தப் படகைக் கண்டுபிடிச்சது. உள்ளே யாரும் இல்லை.

இந்த ரெண்டு கதையையும் பக்கத்தில் வச்சு, "ஒருத்தர் தினமும் வேலை பார்த்தார், ஜெயிச்சார். இன்னொருத்தர் சோம்பேறி, பைத்தியமானார்"னு எழுதறவங்க இருக்காங்க. ஒரு டாக்டரா எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

மனநல ஓ.பி.யில் நாங்க கேட்கும் கேள்விகள் ரொம்பச் சாதாரணமா இருக்கும். குளிச்சீங்களா? சமைச்சீங்களா? துணி துவைச்சீங்களா? கூட வந்தவங்க "இதையெல்லாம் ஏன் சார் கேட்கறீங்க"ன்னு பார்ப்பாங்க. மனசு நோய்ப்பட்டால் முதலில் நிற்பது இந்தச் சின்ன வேலைகள்தான். வேலை நின்னதால நோய் வரல, நோய் வந்ததால வேலை நின்னது. பலர் இதைத் தலைகீழா மாத்திப் போட்டு, "எழுந்து நாலு வேலை பாரு, சரியாயிடும்"னு அட்வைஸ் பண்றாங்க.

க்ரோஹர்ஸ்ட் வேலை பார்த்தவர். வாளியால் இறைச்சார், ஸ்க்ரூ மாத்தினார், ரேடியோவைப் பிழைக்க வச்சார். நாக்ஸ்-ஜான்ஸ்டனுக்கு ஓட்டை இருந்தால் அது வெறும் ஓட்டை. முங்கி அடைச்சா முடிஞ்சது. அடைக்க முடியலைன்னாலும் ஏதாவது துறைமுகத்தில் போய் "முடியல"ன்னு சொல்லியிருக்கலாம், குடும்பம் தெருவுக்கு வந்திருக்காது. இவருக்கு ஒவ்வொரு ஓட்டையும் கடன் பத்திரத்தில் இருந்த ஓட்டை. அதை எந்தச் செப்புத் தகடு அடைக்கும்?

(உங்களுக்கோ, வீட்டில் யாருக்கோ இப்படி 'போகவும் முடியல, திரும்பவும் முடியல'ன்னு இருந்தா, டெலி மானஸ் 14416. இலவசம், 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம். கடன் பிரச்சனைன்னாலும் கூப்பிடுங்க.)

நாக்ஸ்-ஜான்ஸ்டனைக் கிளம்பும் முன்பும் வந்த பின்பும் மனநல மருத்துவரிடம் அனுப்பினாங்க. ரெண்டு தடவையும் 'வருத்தப்படும் அளவுக்கு நார்மல்' என்ற மாதிரி ரிப்போர்ட் வந்தது. முடிச்ச ஒரே ஆள் என்பதால் 5,000 பவுண்டும் அவருக்கே வந்தது. அதை அப்படியே க்ரோஹர்ஸ்ட் குடும்பத்துக்குக் கொடுத்தார். பிறகு லாக் புத்தகத்தின் பொய் வெளியே வந்து ஊரே பேசினப்போவும் அதைத் திருப்பிக் கேட்கல.

ஐம்பது வருஷம் கழிச்சு, 2018-ல், அதே மாதிரிப் பழைய கால வசதிகளோடு இந்தப் போட்டியை மறுபடி நடத்தினாங்க. நம்ம கடற்படைக் கமாண்டர் அபிலாஷ் டோமி, சுஹைலியைப் போலவே கோவாவில் கட்டின 'துரியா'வில் போனார். இந்தியப் பெருங்கடலின் தெற்கே புயலில் பாய்மரம் உடைஞ்சு, முதுகெலும்பில் அடிபட்டு, அசைய முடியாமல் கிடந்தவரை மீட்டாங்க. அறுவை சிகிச்சை செஞ்சு, முதுகில் டைட்டானியத்தோடு மறுபடி நடக்கப் பழகி, 2022-ல் வேற படகில் அதே போட்டிக்குப் போனார். 2023 ஏப்ரலில் ரெண்டாவதா முடிச்சார். வழியில் தானியங்கிச் சுக்கானின் காற்றுப் பலகை உடைஞ்சப்போ, படகின் டாய்லெட் கதவை அறுத்து மாத்தினார். முதுகெலும்பு ஆபரேஷன் கேஸ் எதிர்பார்க்கிற டிஸ்சார்ஜ் அட்வைஸ் ஷீட்டில் இது வராது!

சுஹைலி என்ன ஆச்சு?

கிரீனிச்சில் இருக்கும் அருங்காட்சியகத்தில் கூரைக்குக் கீழ் வச்சாங்க. கடலில் ஊறி ஊறியே இருந்த தேக்குப் பலகைகள் அந்த உலர்ந்த காற்றில் சுருங்க ஆரம்பிச்சது. இடுக்குகள் விரியத் தொடங்கின. விஷயம் தெரிஞ்சதும் படகை வெளியே எடுத்துட்டுப் போய், வயசான காலத்தில் தானே உட்கார்ந்து ரிப்பேர் பார்த்தார் நாக்ஸ்-ஜான்ஸ்டன். மறுபடி தண்ணியில் இறக்கினார். 2018 ஜூன் 14, கிளம்பின நாளின் ஐம்பதாவது ஆண்டில், 79 வயதில், அதே ஃபால்மவுத்தில் அதே சுஹைலியில் நின்றார்.